எவ்விடத்தார்

எவ்விடத்தார் என்றோர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. பார்ப்பதற்கு உங்கள் அடுத்த வீட்டுக்காரரைப் போலவேதான் இருக்கும். பஸ்ஸில் நகர்ந்து உட்கார்ந்து உங்களுக்கு இடம் தரும், நீங்கள் பையை மடியில் வைத்து முடிப்பதற்குள் "எவ்விடம்?" என்று கேட்கும். செத்த வீட்டில் பூவைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்கும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தால், சேலைன் ஏறுகிற கையை அசைக்காமல் மற்றக் கையால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும். "பதுளை" என்று சொல்லித் தப்பிவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். தப்ப முடியாது. "பதுளையில எவ்விடம்?" என்று தொடங்கி, அப்பா பெயர் கேட்டு, அம்மாவின் ஊர் கேட்டு, அம்மாவின் அண்ணன் எங்கே கலியாணம் செய்தார் என்று கேட்டு, கடைசியில் எங்கோ ஓரிடத்தில் "ஓ... அவையோ!" என்று நிறுத்தும். அந்த "அவையோ"வுக்குள் இருப்பது மரியாதையா இளக்காரமா என்பது உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

உங்களிடம் இவர்களுக்கு ஏதாவது தேவையா? ஒன்றுமில்லை. பெண் எடுக்கப் போகிறார்களா? இல்லை. உங்கள் வீட்டுப் பக்கம் வரப்போகிறார்களா? அதுவும் இல்லை. ஓர் ஆள் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் அவரோடு ஐந்து நிமிடம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது இவர்களுக்குச் செருப்புக்குள் கல் மாதிரி. அவ்வளவுதான்.

பதுளை பஜாரில் அலவி ஹாஜியாரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் மனேஜராக இருக்கும் செல்வரத்தினம் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியொன்றுக்கு மருந்து கலக்க வந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. மகன் பதுளையில் பிறந்து, பதுளையில் படித்து, அரசாங்கக் கந்தோரொன்றில் பிரதம லிகிதராக ஓய்வு பெற்று, இன்றைக்கும் "ஊர்" என்று சொல்லும்போது வடக்குப் பக்கம் கையைக் காட்டுகிறவர். கந்தோரில் இருந்த காலத்தில் அவருடைய மேசைக்கு வந்த ஆள், வந்த வேலை முடிந்ததோ இல்லையோ, வேரோடு பிடுங்கிப் பார்க்கப்படாமல் வீடு திரும்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தார். பால்காரனுடைய மூன்று தலைமுறையையும் கேட்டு முடித்தபின் அவருக்குக் காய்ச்சல் மாதிரி வந்துவிட்டது. மனைவி லீலாதேவிதான் அலவி ஹாஜியாரிடம் சொல்லி இந்த வேலையை எடுத்துக் கொடுத்தாள்.

கண்ணாடிக் கடை அவருக்கு வாய்த்த இடம். வருகிறவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஓடவும் முடியாது. சனிக்கிழமைகளில் கண் டொக்டர் வருவார். முறை வரும்வரை ஒரு வாங்கு நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள்.

"தம்பி எவ்விடம்?"

"பசறைப் பக்கங்க."

"பசறையில எவ்விடம்?"

"தோட்டங்க."

"தோட்டம் தெரியுது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? அப்பா ஆர்?"

பையன் சொல்வான். சொல்லி முடிப்பதற்குள் வாங்கிலிருக்கும் அத்தனை பேருக்கும் அவனுடைய அப்பா யார், சித்தப்பா ஏன் கொழும்புக்கு ஓடினார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கண் பரிசோதனை அதற்குப் பிறகுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அலுமாரி நிறைய வாடிக்கையாளர் அட்டைகள் சேர்ந்து, கரப்பான் பூச்சி தின்னத் தொடங்கியதால், அலவி ஹாஜியார் தர்மிளாவைக் கூப்பிட்டு ஒரு மென்பொருள் எழுதித் தரச் சொன்னார். தர்மிளா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு, டவுன் கடைகளுக்கு இந்த மாதிரி வேலைகள் செய்து கொடுக்கிறவள். இரண்டு கிழமையில் முதல் படிவத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டினாள். செல்வரத்தினம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெயர் இருந்தது. அதற்குக் கீழே "குடும்பம்: 47" என்றும் "இடம்: 12" என்றும் இருந்தது.

"நாப்பத்தேழு எண்டா ஆர் பிள்ளை?"

"அது வேற அட்டவணையில இருக்குங்க ஐயா. ஆளுங்க ஒரு அட்டவணை, குடும்பம் ஒரு அட்டவணை, இடம் ஒரு அட்டவணை. இங்க எண்ணு மட்டும்தான் இருக்கும். அந்த எண்ண வச்சு அங்க போயி, பேர எடுத்துட்டு வந்து இந்தக் கட்டத்துல காட்டணும். அடுத்த தடவ செஞ்சிடுறேன்."

"ஒண்டை வச்சு மற்றதைப் பிடிக்கிறது?"

"ஆமாங்க. அட்டவணைகளுக்கு நடுவுல இருக்கிறத ரிலேஷன்னு சொல்லுவாங்க."

"உறவு?"

"உறவுதாங்க."

செல்வரத்தினம் கதிரையில் சாய்ந்தார். அறுபது வயதுவரை தான் கையால் செய்து வந்த தொழிலை ஓர் இயந்திரமும் செய்கிறது, அதுவும் அதே முறையில் செய்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை கம்ப்யூட்டரைப் "பெட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து "மெசின்" என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த தடவை வந்தபோது 47 இருந்த இடத்தில் குடும்பத் தலைவரின் பெயரும், 12 இருந்த இடத்தில் ஹாலி எல என்றும் வந்தது. ஒரு பெயரைத் தேர்ந்தால் மற்றக் கட்டங்கள் தாமாக நிரம்பின. செல்வரத்தினம் சின்னப் பிள்ளை மாதிரி பத்துப் பேரைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லம். தாயின்ரை பேரையும் ஒருக்காப் போடும் பிள்ளை."

இந்த "ஒருக்கா"வில்தான் எல்லாம் தொடங்கியது. தாய் பெயர் வந்தது. தாய் வந்தால் தாயின் ஊர் வராமல் இருக்குமா? வந்தது. தோட்டம் வந்தது, டிவிஷன் வந்தது, பாட்டன் பெயர் வந்தது, இந்தக் குடும்பத்தில் வேறு யார் யார் கண்ணாடி போடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் பக்கவாட்டில் வந்தது. கலியாணம் கட்டிய இடம் என்று ஒரு கட்டம் வந்தபோது அலவி ஹாஜியார் கல்லாவை விட்டு எழும்பி வந்து பார்த்தார்.

"ஐயா, கண்ணாடி எடுக்க வாற மனிசனுக்கு மச்சான்ட ஊர் என்னத்துக்கு?"

"ஹாஜியார், நாளைக்கு ஆள் காசு கட்டாமல் போனால் ஆரைப் பிடிக்கிறது?"

"காசு வாங்காம நாங்க கண்ணாடி குடுக்கிறல்லியே."

செல்வரத்தினம் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்மிளா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஐயா, கண்ணோட பவரு எங்க காட்டுறது? எடமில்லீங்க." அவர் கொஞ்ச நேரம் யோசித்து, அதைக் கீழே தள்ளிவிடச் சொன்னார். ஆகவே அந்தக் கண்ணாடிக் கடையில் ஓர் ஆளின் பாட்டன் பெயர் தொட்டவுடன் தெரியும். அவருடைய கண்ணின் பவரைப் பார்க்கத் திரையை உருட்டிக்கொண்டு போகவேண்டும்.

கடைசியாகத் தாய்வழிப் பாட்டனுக்கு இடம் தேடியபோது திரையின் அடியில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. ஒரு பக்கத்தில் தொலைபேசி எண்ணும், மறுபக்கத்தில் "பொருத்தம்: 2இல் 1" என்றும் இருந்தது.

"இது என்ன பொருத்தம்? இது கலியாணக் கந்தோரோ?"

"ஒரே பேருல ரெண்டு ஆளு இருந்தா அப்படிக் காட்டும் ஐயா. அந்த அம்புக்குறிய அமுக்கினா அடுத்த ஆளு வருவாங்க. ஆளோட எண்ணு காட்ட வேணாம்னு சொல்லிட்டீங்க, பேர அடிச்சுத்தான் தேடுறீங்க. இதுவும் இல்லாட்டி கொழம்பிரும்."

"எனக்குக் குழம்பாது. அந்த வரியை எடுத்துப்போடும்."

எடுத்துவிட்டாள். தாய்வழிப் பாட்டன் அந்த இடத்தில் அமர்ந்தார்.

செல்வரத்தினத்தின் ஒரே மகள் வதனி பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். தகப்பனுடைய விசாரணைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடக் காலத்தில் வீட்டுக்கு வந்த சிநேகிதிகள் ஒருத்தியும் இரண்டாம் தரம் வந்ததில்லை என்பதை அவள் மறக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் சுருக்கமாகச் சொன்னாள்: "அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. பேர் கிஷாந்தன். எங்கடை பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வருவார். கேக்கிறதை அவரிட்டைக் கேளுங்கோ. அதுக்கு முதல் ஊரெல்லாம் விசாரிச்சுத் திரியக் கூடாது. அவரையும் உங்கடை கடையில கேக்கிற மாதிரிக் கேட்டால் நான் பண்டாரவளையில அறை எடுத்துக்கொண்டு போயிடுவன்."

"நான் ஏன் விசாரிக்கப் போறன்?" என்றார் செல்வரத்தினம், உண்மையாகவே மனம் நொந்து.

அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. கிஷாந்தன். எந்தக் கிஷாந்தன்? ஆர் பெத்த கிஷாந்தன்? லீலாதேவி இரண்டு தரம் எழும்பித் தண்ணீர் கொடுத்தாள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுங்கோவன்" என்றாள். பொறுக்கலாம்தான். ஆனால் ஆளிடம் கேட்டால் ஆளைப்பற்றி மட்டும்தான் தெரியும் என்பது இந்த இனத்தின் அடிப்படைக் கொள்கை. ஆட்களைப்பற்றித் தெரிய வேண்டுமென்றால் ஆள் இல்லாத இடத்தில்தான் கேட்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் மெசினுக்கு முன்னால் இருந்தார். ஊவா மாகாணத்தில் கண் மங்கிய பாதிப் பேர் இதற்குள்தானே இருக்கிறார்கள்? "கிஷாந்தன்" என்று அடித்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. தகப்பன் பழனியாண்டி, காலமானார். தாய் தெய்வானை. இடம் தெமோதரை. வேலை செய்யும் ஊர் பண்டாரவளை. தோட்டமும் டிவிஷனும் பாட்டன் பெயரும் தாய்வழிப் பாட்டன் பெயரும் வரிசையாக வந்து நின்றன. தொழில் என்றொரு கட்டம் மட்டும் இல்லை. ஓர் ஆள் என்ன வேலை செய்கிறான் என்பது செல்வரத்தினத்தின் வரிசையில் எப்போதும் கடைசிக் கேள்வி. அதற்கு முன்பே அவர் திருப்திப்பட்டு விடுவார்.

தோட்டத்து ஆக்கள். அவர் அந்தச் சொல்லைத் திரையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து மனிதர்களோடு நாற்பது வருஷம் பழகியவர், அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர், அவர்களைப்பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசாதவர். ஆனாலும் இது வேறு என்று அவருக்குத் தோன்றியது. ஏன் வேறு என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்கிற கேள்விகள் எல்லாம் மற்றவர்களுக்கு.

சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை; கடை பூட்டு. வீட்டில் கண்ணாடிகளின் தரம் பற்றி ஏதோ காரணம் சொல்லிவிட்டு, தெமோதரைக்குப் பஸ் ஏறினார். ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டு வருவது என்பதுதான் திட்டம். எங்கேயும் ஒரு குறை இருக்கும். அவர் தேடி இல்லாமல் போனதில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. சீமெந்து பூசி, முன்னால் சின்ன விறாந்தை இழுத்திருந்தார்கள். தெய்வானை முற்றத்தில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதை அந்த வருஷம்தான் நிறுத்தியிருந்தாள். வெள்ளைக் கால்சட்டை போட்ட ஆளைக் கண்டதும் எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, செல்வரத்தினம் வாயைத் திறப்பதற்கு முன்னால் கேட்டாள்:

"வாங்கய்யா. எங்கேர்ந்து வர்றீங்க?"

"பதுளை."

"பதுளையில எங்கங்க?"

செல்வரத்தினத்துக்குக் காலுக்குக் கீழே நிலம் கொஞ்சம் அசைந்தது. இந்தக் கேள்வியை அவர் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறார். தனக்கு நேரே வந்ததில்லை.

சொன்னார். "சொந்த ஊரே பதுளைங்களா?" இல்லை, யாழ்ப்பாணம் என்றார். "யாழ்ப்பாணத்துல எங்கங்க?" சொன்னார். "அப்பா என்ன செஞ்சாருங்க?" சொன்னார். எந்தத் தோட்டம், எந்த வருஷம், பெயர் என்ன? கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது, முறுக்கு வந்தது. கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு நோவும் தெரியாமல், பழகிய தாதி ஊசி போடுகிற மாதிரி இறங்கிக்கொண்டே போயின. தகப்பனாரின் பெயரைக் கேட்டதும் தெய்வானை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மருந்து ஐயா மகனா நீங்க? கறுப்புக் கொடையும் சைக்கிளுமா வருவாரே! எங்க அக்காவுக்குத் தலச்சன் பிள்ள கொடி சுத்திக்கிட்டப்ப மழையில நனஞ்சு வந்து நின்னவருங்க அவரு. எங்கம்மா சாகுறவரைக்கும் அவரு பேரச் சொல்லும்."

 செல்வரத்தினம் எத்தனையோ பேரை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். தன்னை ஒருவர் ஓர் இடத்தில் சேர்த்து வைத்தது அன்றுதான். குறை கண்டுபிடிக்க வந்தவர், அந்தக் குறையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் முறுக்கைக் கடித்தார்.

"எனக்கொரு மகள்" என்றார், தானே எதிர்பாராமல். "பண்டாரவளையில ரீச்சர். உங்கடை மோனும் அங்கைதானே வேலை?"

"ஆமாங்க, அங்கதான்." தெய்வானையின் கண் விரிந்தது. பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் தன் மகன், அம்மாவுக்கு மூச்சுக்கூட விடாமல், ஒரு ரீச்சரைப் பிடித்திருக்கிறான்! ஹோட்டல் என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. ஐயா கேட்காததை எதற்குச் சொல்வது?

"பிள்ளையள் இரண்டு பேரும் விருப்பம் போலை கிடக்கு. நாளைக்குத் தம்பி எங்கடை வீட்டை வாறார்தானே? நீங்களும் வாங்கோவன்" என்று சொல்லிவிட்டு அவர் எழும்பினார்.

அன்று பின்னேரம் மகன் வீட்டுக்கு வந்தபோது தெய்வானை அவனைப் பிடித்துக்கொண்டாள். எந்த ரீச்சரையும் தனக்குத் தெரியாது என்று அவன் அடித்துச் சொன்னான். "வெக்கப்படாதடா" என்றாள் தெய்வானை.

பதுளையில் செல்வரத்தினம் மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். "நீ சொன்னதை நான் கேக்கேல்லை. அது பிழைதான். போனன், பார்த்தன். தங்கமான ஆக்கள். எனக்குச் சம்மதம். அந்த அம்மாவையும் நாளைக்கு வரச் சொல்லிப்போட்டன்."

"எந்த அம்மாவை?"

"கிஷாந்தன்ரை அம்மாவை."

 வதனி மிகவும் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அவருக்கு அம்மா இல்லை."

செல்வரத்தினம் தர்மிளாவுக்குப் போன் எடுத்தார். மெசின் பொய் சொல்லிவிட்டது என்று கத்தினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பேருல ரெண்டு ஆளு இருக்காங்க ஐயா. நீங்க மொதல்ல வந்தவரப் பாத்திருக்கீங்க. கணக்கு வாத்தியார நான்தான் பதிஞ்சேன், நீங்க ஒரு கலியாணத்துக்குப் போயி, நான் கடையப் பாத்துக்கிட்ட அன்னிக்கு. அவருக்கு மத்தக் கட்டமெல்லாம் வெறுமையா விட்டிருக்கேன்."

"வெறுமையாய் விட்டால் மெசின் ஏற்காதே!"

"ஏத்துக்கிற மாதிரி மாத்தினேங்க."

"ஏன்?"

"அவரு சொன்னாரு ஐயா. நீங்க அவருகிட்டயே கேளுங்க."

தெய்வானைக்கு அறிவித்து வரவேண்டாம் என்று சொல்லலாம் என்றால், கடை பூட்டிக் கிடந்தது; திறந்தாலும், தொலைபேசி எண்ணைத் திரையிலிருந்து எடுக்கச் சொன்னதும் அவரேதான். வதனி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். லீலாதேவி உளுந்தை ஊறப் போட்டாள். யார் வந்தாலும் வடை வேண்டும்தானே?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோல் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. பட்டுச்சேலையில் தெய்வானை, கையில் வெற்றிலையும் வாழைப்பழமும் சீனியும் வைத்த தட்டு. பின்னால், கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு, தப்பி ஓட வழி பார்க்கிற முகத்தோடு மகன் கிஷாந்தன். செல்வரத்தினம் இரவு முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினார். "அம்மா, ஒரு விஷயம்..." தெய்வானை அதற்குள் லீலாதேவியின் தாய் வீடு எங்கே என்று கேட்டு முடித்து, லீலாதேவியின் தமையனுக்கு வந்திருந்தாள். அந்த நேரத்தில் வதனி வாசலால் வந்தாள். அவளோடு மற்றக் கிஷாந்தன் வந்தார். மெலிந்த ஆள், கண்ணாடி, கையில் ஒன்றுமில்லை.

"எனக்கு இவங்கள யாருன்னே தெரியாதும்மா" என்றான் தெய்வானையின் மகன், ரீச்சரைக் காட்டி, பெரிய நிம்மதியோடு.

தெய்வானை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். செல்வரத்தினம் எழும்பி நின்றார். "அம்மா, பேர் ஒண்டாப்போச்சு. மெசின் மாறிக் காட்டிப்போட்டுது."

"மெசின் இல்லை அப்பா" என்றாள் வதனி.

"...நான்தான். நான்தான் பிழை விட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தோட்டத்து ஆளுங்கன்னு வெளையாடிட்டீங்களாய்யா?" தெய்வானையின் குரல் உயரவில்லை. அதுதான் மோசம். "மருந்து ஐயா மகன்னு நம்பி, அக்கம் பக்கம் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்."

 தட்டு மேசையில் இருந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் எல்லாரும் வாழைப்பழத்தையே பார்த்தார்கள். தெய்வானை தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். வாசலை நோக்கித் திரும்பியவள், அங்கே நின்ற புது ஆளைக் கண்டாள். மனம் புண்பட்டிருந்தாலும் வாய் அதன் பாட்டில் கேட்டது:

"தம்பி எந்தத் தோட்டம்?"

வதனி தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். நான் கேட்கவில்லையே என்று அவர் இரண்டு கையையும் விரித்தார்.

"மீரியபெத்தங்க" என்றார் கிஷாந்தன்.

மீரியபெத்தையில் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மலை சரிந்து அந்த லயங்கள் மண்ணுக்குள் போனதை அந்த வீட்டில் அறியாதவர் இல்லை. செல்வரத்தினத்தின் நாக்கில் எப்போதும் தயாராக நிற்கும் இரண்டாவது கேள்வி அன்று வரவில்லை.

"நான் அன்னிக்குப் பண்டாரவளையில, ஹொஸ்டல்ல இருந்தேன்" என்று அவரே தொடர்ந்தார், பாடம் சொல்கிற குரலில். "வீட்டுல இருந்தவங்க இல்ல. அப்பறம் மாமா ஒருத்தர் படிக்க வச்சாரு. அவரும் போயிட்டாரு. எம்பக்கம்னு யாரையும் கூட்டிட்டு வர முடியல. தப்பா நெனைக்காதீங்க."

அந்தக் கடைசிச் சொல் செல்வரத்தினத்தைச் சுட்டது. வெறுமையாய்க் கிடந்த கட்டங்களுக்காக ஒரு மனிதன் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

 தெய்வானை தட்டை மறுபடி மேசையில் வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். "யாரும் இல்லன்னு எப்படிச் சொல்ற? ஒங்கம்மா எனக்குத் தங்கச்சி மொறை வேணும்ப்பா. ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான் நாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அம்மா பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"மாரிக்கண்ணு."

"அதான். மாரிக்கண்ணேதான்."

செல்வரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அதற்குப் பிறகு உறவைக் கண்டுபிடிப்பதுதான் முறை. நாற்பது வருஷத்தில் இந்த ஒழுங்கு தப்பி அவர் பார்த்ததில்லை. முறையை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைப் பிறகு கேட்டவள் இந்தப் பெண்பிள்ளை ஒருத்திதான். அதுவும் நேற்று அவரையே வேர்வரை தோண்டிய கெட்டிக்காரி. அவருடைய வாய் திறந்தது. எந்த வழியில் தங்கச்சி, யாருக்கு யார் மகள் என்று இரண்டே கேள்வி போதும், எல்லாம் குலைந்து விழுந்துவிடும். தெய்வானை அவரை நேராகப் பார்த்தாள். கேட்டுப் பாரேன் என்ற பார்வை.

செல்வரத்தினம் வாயை மூடினார். சுவரோரம் இருந்த நல்ல கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கிஷாந்தனுக்குப் பக்கத்தில் போட்டார்.

"அப்ப நீங்கள் மாப்பிள்ளை பகுதி. இஞ்சாலை வந்து இருங்கோ" என்றார்.

கிஷாந்தனுக்கும் விளங்கியிருக்கும். கணக்கு வாத்தியார், எது முன்னே வரவேண்டும் எது பின்னே வரவேண்டும் என்று தெரிந்தவர். ஆனாலும் தெய்வானை பக்கம் திரும்பி "பெரியம்மா, ஒக்காருங்க" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய நேரமெடுத்தது. லீலாதேவி வடையைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் இருந்த வெற்றிலையைத் தெய்வானை மாப்பிள்ளை வீட்டார் சார்பில் முறைப்படி எடுத்து நீட்ட, செல்வரத்தினம் இரண்டு கையாலும் வாங்கினார்.

தெய்வானை சும்மா விட்டுவிட்டுப் போகிற ஆளும் இல்லை. த்ரீவீலரில் ஏறுமுன், தன் மகனுக்கு ஒரு பெண் பார்த்துக் கொடுப்பது செல்வரத்தினத்தின் பொறுப்பு என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "நம்ம பேச்சு அக்கம் பக்கத்துல எடுபடணும்ல, சம்மந்தி?" செல்வரத்தினம் ஒத்துக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம். இவ்வளவு பெரிய விசாரணைக்கு அதிகாரபூர்வமான அனுமதி அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை தர்மிளாவைக் கூப்பிட்டு அந்த அடிவரியைத் திரும்பவும் போடச் சொன்னார். அம்புக்குறியை அமுக்கி இரண்டாவது கிஷாந்தனைத் திரைக்குக் கொண்டுவந்தார். எல்லாக் கட்டங்களும் வெறுமை. "தாய்வழி உறவு" என்ற இடத்தில் தெய்வானையைத் தேர்ந்தார். மெசின் மற்ற அட்டவணைக்குப் போய், தெமோதரை, தோட்டம், டிவிஷன், லயம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த வெறுமைகளில் நிரப்பியது. தர்மிளா பார்த்துக்கொண்டு நின்றாள். "சரியாங்க ஐயா?" என்றாள். "சரி" என்றார் செல்வரத்தினம்.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். அடுத்த பத்தாவது நிமிடம் படியேறி வந்த ஒரு கிழவரிடம், கிழவர் இருமி முடிப்பதற்குள், "எவ்விடம்?" என்று கேட்டார். கண்ணின் பவர் இன்றைக்கும் திரையின் அடியில்தான் கிடக்கிறது. ஒரேயொரு வித்தியாசம்: யாராவது பதில் சொல்லத் தயங்கினால், முன்னைப்போல் இன்னும் இறுக்கிப் பிடிப்பதில்லை. "சரி, சரி, டொக்டர் கூப்பிடுவார், இருங்கோ" என்று விட்டுவிடுகிறார். எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். வெகு சுலபம். செல்வரத்தினத்தின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்று எழுதியிருக்கிறது; யாழ்ப்பாணத்தில் எவ்விடம் என்று எழுதவில்லை. தெய்வானையிடம் அவர் அதைச் சொன்னார் என்று இருக்கிறது. என்ன சொன்னார் என்று இல்லை. அதைப்பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல் இவ்வளவு தூரம் வாசித்து வந்திருந்தீர்களானால் உங்களுக்குப் பயமில்லை. ஆனால் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி, மேலே போய், ஊர்ப் பெயர் எங்கேயாவது விடுபட்டுப் போயிற்றா என்று ஒருதரம் தேடிப் பார்த்தீர்களா? அப்படியானால், ஐயா, அம்மா, உங்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்.

நீங்கள் எவ்விடம்?